கடையோடு அக்காவும்

கடையை விற்பது என்று முடிவானதும் சலவைக்கடைக்காரர் முதலில் செய்த காரியம், அதை விற்காமல் வைத்திருந்தது.

"இப்பவே போர்டு மாட்டினா அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க. ஒரு வருஷம் பொறு. வாங்க வர்றவன் கண்ணால உன் கடையை நீயே பாரு," என்று அவருடைய ஆடிட்டர் நண்பர் சொல்லியிருந்தார்.

பார்த்தார். சகிக்கவில்லை. நீராவிக் குழாயின் ஒரு மூட்டில் பழைய துண்டு சுற்றியிருந்தது. கட்டட உரிமையாளரோடு இருந்த வாடகை ஒப்பந்தம் வெறும் வாய்ப்பேச்சு. வீட்டு மளிகையும் கடைச் சோப்புத்தூளும் ஒரே பில்லில் வந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளர்கள் யாரும் கடைக்குப் போன் செய்வதில்லை. நேராக அவருடைய கைபேசிக்குத்தான்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். குழாய் மாறியது. ஒப்பந்தம் எழுத்தில் வந்தது. கணக்கு இரண்டாகப் பிரிந்தது. ஒரு மேனேஜர் பெண்ணை வேலைக்கு வைத்து, சோப்பு வாங்குவதிலிருந்து கொதித்துக்கொண்டு வரும் வாடிக்கையாளரைக் குளிரவைப்பது வரை சொல்லிக்கொடுத்தார். கடைசியில் தன்னையே கடையிலிருந்து பிரித்தெடுத்தார். முதலில் காலையில் வருவதை நிறுத்தினார், பிறகு மாலையில், பிறகு வாரத்தில் பாதி நாள். கடை அசையவில்லை. அதில் அவருக்குப் பெருமை. கொஞ்சம் வருத்தமும்.

ஒரே ஓர் ஆளை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. மனைவியை.

எடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார். கடையில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பாள். உள்ளே போவாள், வெளியே வருவாள், மறுபடியும் உள்ளே போவாள். டீ கொடுக்கிறாள் என்று அவருக்கு நினைப்பு. அவளுக்குக் காலில் நரம்புகள் முடிச்சிட்டிருந்தன. சாயங்காலமானால் கணுக்கால் செருப்பு வாரைத் தாண்டி வீங்கிவிடும். கடையை விற்கலாம் என்ற பேச்சை முதலில் எடுத்ததே அவள்தான்.

"எனக்கு உக்காரணுங்க. அவ்வளவுதான். எங்கேயாவது போய் உக்காரணும்."

வாங்க வந்தவர், வேலையை முன்கூட்டியே விட்டுவிட்ட ஒரு வங்கி அதிகாரி. குழாயைத் தட்டிப் பார்த்தார், ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார், மேனேஜர் பெண்ணோடு அரைமணி பேசினார். திருப்திதான்.

"சுத்தமா வெச்சிருக்கீங்க. ஆனா ஒரு வாரம் நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரக்கூடாது. நான் உள்ளே ஒரு நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறேன்."

"ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் உக்காருங்க," என்றார் கடைக்காரர். இதற்குத்தானே ஒரு வருஷம் தயாரானார்.

அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் எழுந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்தாள்.

"உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. சேர்ந்துபோன தூக்கம். விடுங்க."

அதற்கு மறுநாள் வங்கிக்காரரிடமிருந்து போன் வந்தது. கடைக்காரர் மட்டும் கிளம்பிப் போனார்.

கடையில் நடந்தது இதுதான். அங்கே துவைப்பவருக்கு நுரை என்று பட்டப்பெயர். சட்டென்று பொங்குவார், சட்டென்று அடங்கமாட்டார். இஸ்திரி போடுபவர் கஞ்சி. கழுத்து எந்தப் பக்கமும் வளையாது. இருவரும் தொழிலில் கெட்டி. இருவரும் ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடையில் ஒரே மின்விசிறி இருந்த காலத்தில், அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் வந்த சண்டை. கடைக்காரர் இரண்டாவது விசிறி வாங்கி மாட்டினார். காற்று வந்தது, பேச்சு வரவில்லை. விசிறியோடு சண்டையும் தீர்ந்துவிட்டது என்று அவர் ஒருவர்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

இடையில் ஓடியது அக்கா. "அந்தக் கழுதைகிட்ட சொல்லுங்கக்கா, துணியெல்லாம் ஈரத்தோட வருது," என்பார் கஞ்சி. அக்கா உள்ளே போய், "தம்பி, இன்னும் ஒரு சுத்து சுத்தவிடலாமான்னு கேக்குறார்," என்பாள். "அவன் இஸ்திரி பிடிக்கிற லட்சணத்துக்கு இதுவே அதிகம்னு சொல்லுங்க," என்பார் நுரை. அக்கா வெளியே வந்து, "சரின்னுட்டார்," என்பாள்.

அக்கா இல்லாத வாரத்தில் இந்த வேலை மேனேஜர் பெண்ணின் தலையில் விழுந்தது. நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாத பெண். கேட்டதைக் கேட்டபடியே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"சார், நீங்க கழுதையாம். துணி ஈரமா இருக்காம்."

நுரை இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். உள்ளே ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் அத்தனையும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. இஸ்திரி போட எதுவும் வராததால் கஞ்சி கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வங்கிக்காரர் நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அக்கா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று மேனேஜர் பெண் சொன்னதையும் கேட்டுக்கொண்டார்.

கடைக்காரர் வீடு திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

"முடிஞ்சது. வாங்குறார். சொன்ன விலைக்கே வாங்குறார்."

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்தான்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் சொன்ன சின்ன விஷயம் எதுவும் சின்னதாக இருந்ததில்லை. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நீ மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் கடையில இருக்கணுமாம். சும்மா இல்ல, சம்பளம் தர்றார். நான் என்னிக்காவது உனக்குச் சம்பளம் குடுத்திருக்கேனா? அவர் குடுக்குறார் பாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"என்னைக் கேக்காமலா?"

"நீ என்ன, இல்லைன்னா சொல்லப்போற?"

"அதுவும் சரிதான். கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. "ஒரு வருஷமா பாத்துப் பாத்து நீங்க உங்களை வெளியே எடுத்துக்கிட்டீங்க. நல்லாவே எடுத்தீங்க. நான் உள்ளே மாட்டிக்கிட்டிருக்குறது உங்க கண்ணுல படல."

"நீ டீ குடுக்கத்தான் உள்ளே போறேன்னு நெனச்சேன்."

"டீயா? அவங்க ரெண்டு பேருமே டீ குடிக்கிறதில்லைங்க. கஞ்சிக்கு வயித்துப் புண்ணு. நுரைக்குப் பால் ஆகாது."

கடைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்த இரண்டு பேர் என்ன குடிப்பார்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்காவே கடைக்குப் போனாள். கணவர் பின்னாலேயே போனார். வங்கிக்காரர் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றாள்.

"நான் வரமாட்டேங்க. அவர் சொன்னது அவர் சொன்னது."

"சம்பளம் பத்தலைன்னா..."

"அது இல்ல. நாங்க துணி வாங்கும்போது அதுல கிழிசல் இருந்தா, கஸ்டமர் முன்னாடியே விரிச்சுக் காட்டிட்டுத்தான் வாங்குவோம். பின்னாடி தகராறு வரக்கூடாது பாருங்க. அந்த மாதிரி இப்ப நான் காட்டுறேன். இந்தக் கடையில ஒரு கிழிசல் இருக்கு. அதுமேல நான் நின்னு மறைச்சுக்கிட்டிருந்தேன். என்னையும் சேர்த்துத் தெச்சு வாங்கினீங்கன்னா ரெண்டு வருஷம் தாங்கும். அப்புறம் உங்க கையில கிழியும்."

வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ என்ன பண்ணலாம்?"

"மழைக்காலம் முடியுற வரைக்கும் டைம் குடுங்க. நான் இல்லாம நடக்குற கடையா குடுக்குறேன்."

"அதுக்குள்ள எனக்கு வேற கடை அமைஞ்சா நான் போயிடுவேம்மா."

"போங்க," என்றாள் அக்கா.

பின்னால் நின்ற கணவர் எச்சில் விழுங்கிய சத்தம் கல்லா வரை கேட்டது.

அடுத்த நாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, அந்த ஆளுகிட்ட கொஞ்சம் சொல்லுங்க," என்று ஆரம்பித்தார் கஞ்சி.

"அந்த ஆளு அங்கதான் நிக்கிறார். நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னிக்கிலேருந்து காது மந்தம்."

கஞ்சி சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். மாலை வரை அக்கா எழுந்திருக்காததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஈரத் துணிகளை ஒரு மூலையில் குவித்தார். குவியல் இடுப்புயரம் வந்தது. நுரை எட்டிப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அக்கா உட்கார்ந்தபடியே மன்னிப்புக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை போய்ச் சொல்லிடேன்," என்று கடைக்காரர் அவள் காதோரம் கெஞ்சினார்.

"எழுந்தேன்னா அப்புறம் உக்கார முடியாதுங்க."

எழாமல் இருப்பது நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. உள்ளே பாத்திரம் உருண்டால் முழங்கால் தானாக விறைத்தது. நாக்கு நுனி வரை சமாதானம் வந்து வந்து திரும்பியது.

அந்த வாரமே விடுதிக்காரர் வந்து, விரிப்புகளை அரைகுறை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். கடையின் வரும்படியில் பெரிய பங்கு அவருடையது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் திறக்கவில்லை. கடையில் ஒரு ஜோடி போதாதென்று வீட்டிலும் ஒரு ஜோடி உருவானது.

இப்படியே போனால் வங்கிக்காரர் திரும்பி வந்தாலும் விற்பதற்குக் கடை இருக்காது என்று அக்காவுக்கே பயம் வந்தது. நாளைக்கு எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்குத்தான் அது நடந்தது.

கஞ்சி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

"சுவருக்கும் காது உண்டுன்னு சொல்வாங்க. அதனால சுவத்துகிட்ட சொல்றேன். துணி ஈரமா இருக்கு."

 மேனேஜர் பெண் பேனாவை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தாள். 

உள்ளேயிருந்து நுரையின் குரல் வந்தது. "சுவரே, காய வைக்கிற மெஷின்ல பெல்ட்டு தேஞ்சு போச்சு. அதான் ஈரம். இது ஒரு சில கழுதைகளுக்குப் புரியாது."

"பெல்ட்டுன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடாம், சுவரே?"

"மாசக்கணக்கா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அக்காகிட்ட கேட்டுப் பாரு, சுவரே."

அக்கா ஸ்டூலில் நெளிந்தாள். உண்மைதான். பெல்ட் தேய்ந்த மெஷினைக் கொடுத்துவிட்டுக் குறை சொல்லும் பயல்கள் என்று நுரை பலமுறை திட்டியிருக்கிறார். வசவை வடிகட்டும்போது பெல்ட்டையும் சேர்த்து அவள் வடிகட்டியிருந்தாள்.

அன்று மாலையே புது பெல்ட் வந்தது. துணி காய்ந்தது. சுவருக்குத்தான் ஓய்வில்லாமல் போயிற்று.

"ஆறு வருஷமா நான் பாத்த வேலையை ஒரு சுவர் பாக்குதுங்க," என்று வழியில் கணவரிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே களைத்துப்போயிற்று.

"சுவர் உன்னைவிட மோசம். அப்படியே சொல்லிடுது," என்றார் அவர். அவர் வாய் திறந்து நாலைந்து நாளாகியிருந்தது.

அதன் பிறகு அக்கா பாதி நாள் வந்தாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு வரவில்லை.

மழை ஓய்ந்ததும் வங்கிக்காரர் வந்தார். வேறு இரண்டு கடை பார்த்ததாகவும் இரண்டிலும் வாடகை ஒப்பந்தமே இல்லை என்றும் சொன்னார். மறுபடியும் நாற்காலி போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தார். கடைசி நாள் கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் ஓடுது. விடுதி போனதுக்குக் கொஞ்சம் விலை குறைச்சுத்தான் தருவேன். ஒரு சந்தேகம். அவங்க ரெண்டு பேரும் யாருகிட்ட பேசுறாங்க?"

"சுவத்துகிட்ட," என்றாள் அக்கா.

வங்கிக்காரர் யோசித்தார். "சுவர் கடையோட வருதுல்ல?"

"வருது. ஒப்பந்தத்துலயே இருக்கு."

"அப்போ சரி."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். இந்த முறை அவள் தலையசைத்த பிறகுதான் அவர் சரி என்றார்.

கையெழுத்துப் போட்ட அன்று, ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணவர் கூப்பிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க," என்று அவள் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, கணுக்காலை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டாள். உள்ளே இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்று கஞ்சியின் குரல் வந்தது. பழக்க தோஷம்.

அவளுடைய கை தானாகப் படியில் ஊன்றியது. உடம்பு பாதி எழுந்தது.

"அக்கா இல்லைங்க, நான்தான். சொல்லுங்க," என்றாள் உள்ளே மேனேஜர் பெண்.

அக்கா ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணவர் வெளியே வர வெகு நேரமாயிற்று. அவள் அவரைக் கூப்பிடவில்லை.