கடைசி இருநூறு மீற்றர்

யேசுரட்ணம் லண்டனில் கார் ஓட்டும் தூரம் கிழமைக்கு நானூறு மீற்றர். ஞாயிறு காலை பூசைக்குப் போகையில் இருநூறு, திரும்பி வருகையில் இருநூறு. மிச்சமெல்லாம் மனைவி டொலறஸ்தான். லூயிஷாம் பக்கத்தில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. விடியக் காரை எடுத்தால் பின்னேரம்தான் கொண்டுவந்து விடுவாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கோயிலுக்கு ஒரு தெரு முன்னால், பஸ் தரிப்பிடத்தைத் தாண்டிக் கார் நிற்கும். அவர் முன்பக்கத்தாலும் அவள் பின்பக்கத்தாலும் சுற்றிவந்து இடம் மாறி ஏறுவார்கள். பிறகு யேசுரட்ணம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, பங்குச் சனமெல்லாம் பார்க்க, கோயில் வளவுக்குள் காரைக் கொண்டுபோவார். பதினொரு வருசமாக இந்தக் கூத்து.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டொலறஸ் முதல் தடவையிலேயே ட்ரைவிங் ரெஸ்ற் பாஸ். அவர் நாலாவது தடவை, அதுவும் அவள் பக்கத்தில் இருந்து பழக்கிய பிறகு. அந்தக் குறையை மூடிமறைக்க, "அவவுக்கு ரோட்டைக் கண்டாலே பயம், கார் ஓடத் தெரியாது" என்று ஒருநாள் பங்குச்சபையில் சொல்லிவைத்தார். அன்றைக்குச் சொன்ன ஒரு சொல்லுக்காக மனுசன் வாராவாரம் வேர்த்து விறுவிறுத்து ஓட வேண்டியதாயிற்று.

போன வருசம் இன்சூரன்சைப் புதுப்பிக்கும்போது, மெயின் ட்ரைவர், அதாவது காரை அதிகம் ஓட்டுபவர், யார் என்று கேட்டிருந்த இடத்தில் டொலறஸ் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பெயரைப் போட்டாள். யேசுரட்ணம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, கொம்பனிக்காரன் பூசைக்கா வரப்போகிறான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

வினை வேறு வழியாக வந்தது. தவக்காலத்து முதல் ஞாயிறு, வளவுக்குள் யாருக்கோ கை காட்டிய உசாரில், பெனடிக்றின் கார்க் கதவை நீளத்துக்கு உரசிவிட்டார். பெனடிக்ற் பங்குச்சபைச் செயலாளர், தங்கமான மனிதர். இன்சூரன்ஸ் கொம்பனி விவரம் கேட்டதும், நண்பருக்கு உதவுவதாக நினைத்து ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். யேசுரட்ணம் பதினொரு வருசமாக இந்தக் காரை ஓட்டுவதைத் தன் கண்ணால் கண்டிருப்பதாகவும், அவர் மிக நிதானமான ட்ரைவர் என்றும், மனைவிக்குக் கார் ஓட்டவே தெரியாது என்றும்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. மெயின் ட்ரைவர் என்று காரை ஓட்டாதவரின் பெயரைக் கொடுத்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம், சாட்சி தன் வாக்குமூலத்தைத் திருத்தாவிட்டால் பதினாலு நாளில் பொலிசி ரத்து என்று.

டொலறஸ் அதைக் குசினி மேசையில் வைத்தாள். "வேலையிடத்துக் கடிதமும் அனுப்பிப் பாத்திட்டன், அது மட்டும் காணாதாம். இவங்கள் வெட்டினா வேற ஒருத்தனும் எனக்கு இன்சூரன்ஸ் தரமாட்டான். கார் இல்லாட்டி எனக்கு வேலை இல்லை. பெனடிக்ற் அண்ணையிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ."

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"கார் ஓடுற மாதிரித்தான். மெல்ல மெல்ல."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் தேத்தண்ணியும் ரோல்சுமாய் நிற்கையில், யேசுரட்ணம் பெனடிக்றிடம் உள்ளதைச் சொன்னார். பஸ் தரிப்பிடத்தில் இடம் மாறுவதையும் விடவில்லை. மனைவியின் வேலைக்காகச் சொல்லும் பொய் என்று நினைத்த பெனடிக்றுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனிசிக்காக இப்பிடி ஒரு பழியைத் தலையில ஏத்துறியளே அண்ணை!"

"என்ர மனிசன் எனக்கொரு ரீயும் ஊத்தித் தரமாட்டார்," என்றாள் பக்கத்தில் நின்ற பங்குக்காரி துசியந்தி. நாலு பேர் வந்து யேசுரட்ணத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"ஆனா மாத்தி எழுதிக் கையெழுத்து வைக்க ஏலாது அண்ணை," என்றார் பெனடிக்ற். "பொய்ச்சாட்சி. எட்டாம் கட்டளை இருக்கு."

யேசுரட்ணத்துக்கு உள்ளுக்குள் இனித்தது, அதை மறைப்பானேன். உண்மையையும் சொல்லியாயிற்று, மரியாதையும் இரண்டு மடங்காகிவிட்டது. இனி யார் என்ன செய்ய முடியும் என்று வீட்டுக்குப் போய்விடலாம். அப்போது டொலறஸைப் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்தபடி சுவரோரம் நின்றாள். ஒரு நாளைக்குப் பத்து வீட்டில் கழுவித் துடைத்து வெடித்துப்போன கை. அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

கார்த் திறப்பை எடுத்து எல்லாரும் பார்க்க நீட்டினார். "டொலறஸ், காரை வெளியில எடும்."

அவர் வழக்கம்போலக் காரின் மூக்கைச் சுவரில் முட்டுமாப்போல் விட்டிருந்தார். பின்னால் இரண்டு பக்கமும் கார்கள். இந்த இடத்திலிருந்து வெளியே எடுக்க அவருக்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும், வழிகாட்ட மூன்று பேரும் வேண்டும். டொலறஸ் ஏறினாள், ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், ஒரே ரிவேர்சில் படலை தாண்டித் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாள். கையில் ரோல்சோடு வாசலில் நின்ற சனம் கடிக்க மறந்துவிட்டது.

பெனடிக்ற் அந்த இடத்திலேயே பேனையை எடுத்துப் புதிதாக எழுதினார். மெயின் ட்ரைவர் திருமதி யேசுரட்ணம்தான், மிகத் திறமையாக ஓட்டுகிறார். கடைசியில், நண்பரின் மனம் நோகக்கூடாதென்று, தன் கைச்சரக்காக ஒரு வரியையும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார்: அவருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவரது கணவர்.

யேசுரட்ணம் அதை இரண்டு தரம் வாசித்தார். அந்த வரி இருந்தால் கொம்பனிக்கும் நட்டமில்லை, டொலறஸுக்கும் நட்டமில்லை. அவள் தெருவில், காருக்குள் இருந்தாள். இது அவளுக்குத் தெரியப்போவதுமில்லை.

"பேனையை ஒருக்காத் தாரும், பெனடிக்ற்," என்றார். "பழக்கினது அவ. பழகினது நான்." அந்த வரியை வெட்டிவிட்டுப் போய் இடப்பக்கத்தில் ஏறினார்.

பஸ் தரிப்பிடத்தைத் தாண்டியதும் டொலறஸ் பழக்கதோசத்தில் காரை நிறுத்திவிட்டாள். அவரும் பழக்கதோசத்தில் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். காற்று ஊசியாகக் குத்தியது. பதினொரு வருசமாக மழையிலும் பனியிலும் இவள் சீலையோடு இந்தக் காரைச் சுற்றி நடந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார்.

"இனி இதில நிப்பாட்டாதையும்," என்றார். "போம்."