சிகரெட் அட்டை நாகரிகம்

மனிதகுல வரலாற்றில் இரண்டே காலங்கள்தாம் உண்டு. கணினிக்குள் கட்டடம் கட்டத் தெரியாத காலம் ஒன்று. நான் கட்டத் தொடங்கிய காலம் மற்றொன்று. கிரேக்க நாட்டுப் பாத்ராஸ் நகரத்தில் இரண்டாவது காலம் சென்ற ஜூன் மாதம் பிறந்தது. கடைசி ஆண்டு பொறியியல் மாணவனாகிய நான், கரீதிஸ் என்பவரின் கட்டுமான அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த நாள் அது.

முதல் காலத்து மக்கள் இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர் எல்லோரும் அளவு எழுதிவைப்பது சிகரெட் அட்டையில். பெட்டியைக் கிழித்து விரித்து, உட்புறத்தில் ஒரு வீட்டையே எழுதிவிடுவார்கள். அட்டை சட்டைப்பைக்குப் போகும். சட்டை சலவைக்குப் போகும். இதற்குப் பெயர் அனுபவமாம்.

எனக்குக் கிடைத்த வேலை, ஒரு பழைய கல்வீட்டில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறும் இரும்பு மாடிப்படி. முப்பரிமாண மாதிரி செய்தேன். எதுவாவது எதனோடாவது இடிக்கிறதா என்று மென்பொருளைச் சோதிக்கவிட்டேன். மோதல் பூஜ்யம். படி அந்தச் சுவர்களுக்கு நடுவே சரியாகச் சேர்ந்தால் கரீதிஸ் என் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்திடுவார். அது இல்லாமல் பட்டம் இல்லை. "சேரலன்னா, அடுத்த வருஷம் வேற எடம் பாத்துக்கடா யெராசிமோ" என்று சொல்லியிருந்தார். பாவம், முதல் காலத்து மனிதர்.

புதன்கிழமை மதியம் ஸ்தமாதாவின் இரும்புப் பட்டறைக்குப் போனேன். அவளுக்கு முப்பது வயதிருக்கும். பற்றவைக்கும் முகமூடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"வாங்க இன்ஜினியர் சார். படம் காட்ட வந்தீங்களா?"

கைபேசியில் மாதிரியைச் சுழற்றிக் காட்டினேன். மார்ச் மாதம் மாலை நான்கு மணிக்கு ஏழாவது படியில் விழப்போகும் வெயிலைக்கூடக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"வெயில் நல்லா அடிக்குது," என்றாள். "செவுர அளந்தியா?"

"வலது பக்கத்த அளந்தேன். தரையில அகலம் எடுத்தேன். வலத அப்படியே திருப்பி இடது பக்கத்துல ஒட்டிட்டேன். ஒரே சொடுக்கு."

"அந்த வீட்டக் கட்டுனவனும் சொடுக்கித்தான் கட்டுனானாடா?"

"அக்கா, சிகரெட் அட்டைல கணக்குப் போடுற காலமெல்லாம் போச்சு. இது மில்லிமீட்டர் சுத்தம்."

"சுத்தமாத்தான் இருக்கும். உன் படத்துக்குள்ள பூகம்பம் வரல, யாரும் குடியிருக்கல." இரும்பு வெட்டச் சம்மதிக்கும் தாளை என் பக்கம் தள்ளினாள். "கையெழுத்துப் போடு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வெட்டுவேன். வெட்டுன இரும்ப உன் சொடுக்கு வந்து ஒட்டாது, சொல்லிட்டேன்."

முழுப் பெயரையும் போட்டேன். அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

அன்று மாலை அந்த வீட்டுத் தெரு வழியாக நான் நடந்தது தற்செயல். பையில் அளவு நாடா இருந்தது தற்செயல். அலுவலகத்தில் தொங்கிய வீட்டுச் சாவி அதே பையில் கிடந்ததும் அப்படித்தான்.

சுவருக்குச் சுவர், கீழே தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். மேலே தொண்ணூற்றொன்று. நடுவில் எண்பத்தாறு. நாடாவைக் குற்றம் சொல்லிவிட்டு மறுபடி அளந்தேன். எண்பத்தாறேதான். ஈஸ்டர் ஆட்டுக்கறியை முடித்த மாமாவைப் போல இடப்பக்கச் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. என் படியின் அகலம் தொண்ணூறு. மாதிரியில் எதுவும் ஏன் மோதவில்லை என்பது விளங்கியது. மோதக்கூடிய சுவரை நான் உள்ளே வைக்கவே இல்லை.

குறித்துக்கொள்ளக் கைபேசியை எடுத்தேன். ஸ்தமாதாவுக்கு வெயில் காட்டியதிலேயே அது செத்திருந்தது. பையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டாவது காலத்து மனிதன் காகிதம் வைத்திருப்பதில்லை.

ஜன்னல் விளிம்பில் பூச்சுக்காரர் விட்டுப்போன பென்சில் ஒன்று கிடந்தது. பக்கத்திலேயே ஒரு சிகரெட் பெட்டி.

தெருவை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே மிச்சமிருந்த இரண்டு சிகரெட்டுகளை ஜன்னலில் ஒழுங்காக அடுக்கிவைத்தேன். பெட்டியை ஓரம் பார்த்துக் கிழித்து, விரித்து, முழங்காலில் வைத்து, உட்புறத்தில் எழுதினேன்: கீழே, நடுவே, மேலே. எண்பத்தாறுக்கு அடியில் இரண்டு கோடு.

பட்டறை பூட்டியிருந்தது. கதவின் அடியில் அட்டையைத் தள்ளிவிட்டு, பெயர் எழுதாமல் வந்துவிட்டேன்.