நூறு நாள் நடைப் பதிவேடு

நடைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டவன் நான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பழியையும் அப்படித்தான்.

2015-ஆம் ஆண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்துக் குடியிருப்பு நல அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். புல் வெட்டுவது, தெருவிளக்கு மாற்றுவது, நாய்த் தொல்லை புகாருக்குப் பதில் எழுதுவது என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பில் ஒரு நாள் ஆரோக்கியம் வந்து புகுந்தது. வட்டத்தில் முகாம் போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்று பேரில் ஒருவருக்குச் சர்க்கரை. எங்கள் அதிகாரி சக்கரபாணி சுறுசுறுப்பானவர். ஒரே மாதத்தில் பூங்காவைச் சுற்றி நடைபாதை போட்டுவிட்டார். பூங்கா வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்த வள்ளியம்மாளிடம், இனிமேல் பஜ்ஜி, வடை கிடையாது, சுண்டலும் கம்பங்கூழும்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் 'நூறு நாள் நடை' என்று ஒரு திட்டம். காலையிலோ மாலையிலோ தினமும் நான்கு சுற்று நடக்க வேண்டும். நூறு நாளும் நடந்தவருக்குச் சான்றிதழ்.

"யார் நடந்தாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "ஒரு பதிவேடு வெச்சிடலாம் சார்" என்றேன். வாழ்நாளில் எனக்குத் தெரிந்த பதிவேடு, வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போடும் மஸ்டர் ஒன்றுதான். அதைப் போலவே கோடு போட்டேன். வரிசை எண், பெயர், குவார்ட்டர்ஸ் எண், ஷிப்ட், கையெழுத்து. இரவு ஏழு மணிக்குள் கையெழுத்து இல்லையென்றால் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்'. எத்தனை சுற்று என்று எழுத ஒரு கட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்த்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் கையெழுத்துப் போட்டால் வேலைக்கு வந்தாயிற்று என்று அர்த்தம்.

பதிவேட்டை வைக்க இடம் இல்லாததால் வள்ளியம்மாளின் வண்டியில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். பேனாவையும் தனியாகக் கட்டினோம். முதல் வாரம் அநேகமாக எல்லோரும் நடந்தார்கள். இரண்டாம் வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார்கள். அதற்கப்புறம் கையெழுத்து மட்டும் போட்டார்கள். மாலை ஆறே முக்காலுக்கு ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆப்சென்ட் விழுந்துவிடக் கூடாது என்று அப்படி ஓர் அவசரம். இஞ்சினை நிறுத்தாமல் கையெழுத்துப் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் கண்டும் காணாமல் இருந்தேன். எண்ணிக்கை நன்றாக இருந்தது.

வள்ளியம்மாள் குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். ஒரு நாள் அவர் வண்டியின் கீழ்த்தட்டில் துணி போட்டு மூடிய தட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. துணியைத் தூக்கினேன். பஜ்ஜி.

"என்னம்மா இது? சக்கரபாணி சார் பார்த்தா என்ன ஆகும்?"

"நான் இன்னா சாரு பண்றது? நடக்கிறவங்க சுண்டலு வாங்கிக்கினு போறாங்க. கையெழுத்துப் போடறவங்க பஜ்ஜி கேக்கறாங்க. சுண்டலு தெனம் மீந்து போவுது, வூட்டுக்குத்தான் தூக்கிக்கினு போறேன்."

எங்கள் திட்டத்தின் உண்மையான கணக்கு அந்த அம்மாவின் இரண்டு தட்டுகளில் இருந்தது. நான் துணியைத் திரும்ப மூடிவிட்டு வந்தேன்.

பஜ்ஜித் தட்டுக்குத் தவறாத வாடிக்கை ராயப்பன். என் எதிர் குவார்ட்டர்ஸ், இருபது வருடப் பழக்கம். சுரங்கத்தில் டோசர் ஆபரேட்டர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. மேட்டு விளிம்பில் நிறுத்தி மண்ணைத் தள்ளிவிட்டு அங்குலம் பிசகாமல் பின்னால் வருவான் என்று அவனோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவனும் அதைச் சொல்வான், அவர்களைவிட அதிகமாக. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பேச்சு டோசரில்தான் வந்து நிற்கும். சுரங்கத்தில் அவ்வப்போது எடுக்கும் மெடிக்கல் பரிசோதனையில் போன முறை அவனுக்குச் சர்க்கரை முந்நூறு. மாத்திரை கொடுத்து, அடுத்த முறையும் இப்படியே வந்தால் மெஷினில் உட்கார முடியாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். மெஷினை விட்டு இறக்கினால் டூல் ரூமில் லைட் டூட்டி. வருகிறவன் போகிறவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லும்போதே அவன் முகம் சுருங்கிவிடும்.

"இந்தச் சான்றிதழ் மெடிக்கல்ல செல்லும்ல?" என்று திட்டம் தொடங்கிய அன்றே கேட்டான்.

"டாக்டர் பார்ப்பாங்க, அது நல்லதுதானே" என்றேன். அவன் அதைச் செல்லும் என்றே எடுத்துக்கொண்டான்.

நூறு நாளில் ஒரு நாள்கூட அவன் தவறவில்லை. முதல் ஷிப்ட் என்றால் மாலையில், இரண்டாம் ஷிப்ட் என்றால் காலையில். காய்ச்சல் நாளில்கூட மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நடைபாதையில் அவன் செருப்பு பட்டதை நான் பார்க்கவில்லை. "ஒரு சுற்றாவது போய்யா" என்று இரண்டு தரம் சொன்னேன். "எட்டு மணி நேரம் மெஷின்ல குலுங்கிட்டு வர்றேன், அது உடற்பயிற்சி இல்லியா?" என்றான். மூன்றாம் தரம் நான் சொல்லவில்லை.

திட்டம் முடிந்தது. நூறுக்கு நூறு எடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். சான்றிதழ்கள் அத்தனையிலும் 'தினமும் நான்கு சுற்று நடந்தார் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து.

மெடிக்கலுக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டான் ராயப்பன். சான்றிதழைச் சட்டம் போட்டே எடுத்து வந்திருந்தான். டாக்டர் அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நூறு நாளும் நடந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"ஒரு நாள்கூட விடாம?"

"அதுலயே போட்டிருக்கு மேடம்."

என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கையெழுத்துப் போட்ட சண்முகசுந்தரமா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "நடக்காம வந்திருந்தார்னா நான் இன்னும் மூணு மாசம் டைம் குடுத்திருப்பேன். நடங்க, சாப்பாட்டைக் குறைங்க, பார்க்கலாம்னு அனுப்பியிருப்பேன். தினம் நாலு சுற்று நடந்து, மாத்திரையும் போட்டு, அப்புறமும் முந்நூத்தி இருபதுன்னா இனி அதுல பிரயோஜனம் இல்லை. இன்சுலின் ஆரம்பிக்கணும்."

"இன்சுலின் போட்டா மெஷின்ல..." என்றான் ராயப்பன்.

"மெஷின் கிடையாது. திடீர்னு சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தா, டோசர்ல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

ராயப்பன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்தேன். அவரைக்காய், பாகற்காய், முருங்கைக்கீரை. ஒரே ஒரு வாக்கியம் போதும். இவன் ஒரு நாளும் நடக்கவில்லை மேடம், நான் எழுதியது பொய் என்று சொல்லியிருந்தால் மூன்று மாதம் கிடைத்திருக்கும். அந்த வாக்கியம் என் வாய்வரைக்கும் வந்தது. என் கையெழுத்து, முப்பத்தொரு சான்றிதழ், மேலே போய்விட்ட அறிக்கை எல்லாம் கூடவே வந்தன. பயந்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டே போனார்.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்தோம்.

"நீ சொல்லியிருக்கலாம்யா" என்றான்.

"நீயும் சொல்லியிருக்கலாம்."

"ஆமா" என்றான். "நானும்தான் சொல்லல."

சான்றிதழை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் வைக்கப் பார்த்தான். சட்டம் பெரிதாக இருந்ததால் மூடி சாத்தவில்லை. என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு டாக்டருக்கு உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். மூன்று நாள் டிராயரில் வைத்திருந்தேன். நான்காம் நாள் எங்கள் அலுவலகத்துக்குப் பாராட்டுக் கேடயம் வந்தது. சக்கரபாணி எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். கடிதம் டிராயரிலேயே தங்கிவிட்டது.

ராயப்பன் டூல் ரூமுக்குப் போனான். ஜெனரல் ஷிப்ட், ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பான். முதல் ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். பிறகு ஒரு மாலை பூங்காவில் அவனைப் பார்த்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோடோ சண்டைக்குப் போகிறவன்போல வேகமாக நடந்துகொண்டிருந்தான். எத்தனை சுற்று என்று கேட்கத் துணிச்சல் இல்லை. வள்ளியம்மாள்தான் சொன்னார்: "தெனம் ஏழு சுத்து சுத்திக்கினு போறாரு சாரு. மேல் தட்டுலதான் கைய வெக்கிறாரு. கீழ்த்தட்டப் பாக்கறதே இல்ல."

அடுத்த ஆண்டு திட்டம் மறுபடி வந்தது. கேடயம் வாங்கிய திட்டத்தை யார் நிறுத்துவார்கள்? இந்த முறை பதிவேட்டில் சுற்றுகளுக்குத் தனிக் கட்டம் போட்டேன். போன ஆண்டுப் பெயர்களையும் அப்படியே எழுதினேன். முதல் நாள் ராயப்பன் வியர்வை வழிய ஏழாம் சுற்றை முடித்து வந்தபோது பேனாவை நீட்டினேன்.

"வேணாம்யா. போன வருஷம் போட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்."

நூறு நாளும் அவன் கட்டத்தில் என் கையாலேயே சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன். வேறு வழி இல்லை, விதி நான் எழுதியது. அதற்குள் அவன் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. டாக்டர் இன்சுலினைப் பாதியாகக் குறைத்திருந்தார். முழுதாக நிறுத்திவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் டோசரில் வேறு ஆள் ஏறி ஒரு வருடம் ஆகிவிட்டது, ராயப்பனுக்கு ஓய்வு பெற இரண்டே வருடம். திரும்பக் கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. மாலையில் நடக்கும்போது சுரங்கப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டால் ஒரு நொடி நிற்பான். பிறகு நடப்பான்.

இறுதி அறிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சக்கரபாணியின் விரல் ஒரு வரியில் நின்றது.

"இந்த ராயப்பன் போன வருஷம் நூத்துக்கு நூறு. இந்த வருஷம் நூறும் ஆப்சென்ட். என்னய்யா ஆச்சு இவருக்கு?"

"நடக்க ஆரம்பிச்சிட்டார் சார்" என்றேன்.

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார்.