பின்வரிசையில் மூன்று பேர்

சுல்பிகா கணினியை இயக்கிவிட்டு, அது திறக்கும்வரை திரையைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் சேலைகளைக் கட்டி மறைத்து ஜவுபரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் அறைக்குள் கேட்டது. அவருடைய மனைவி ஜுனைதா வெள்ளைச் சேலையால் தலையைப் போர்த்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

காலையில் கடை திறக்கப் போன மனுசன். போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் பிறகு எழும்பவில்லை. லுஹர் தொழுகைக்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து மையித்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லியும் ஆகிவிட்டது.

மீராமுகைதீன் வாசலில் வந்து நின்றார். ஜவுபரின் மூத்த காக்கா, சுல்பிகாவின் வாப்பா. தம்பியின் காலைக் கழுவிவிட்டு வந்த ஈரம் சாரத்தில் இருந்தது.

"திறந்தாச்சா மனே?"

"இல்ல வாப்பா. பாஸ்வேர்ட் சாச்சிக்குத்தான் தெரியும்." சுல்பிகா ஜுனைதாவைப் பார்த்தாள்.

அவர் ஜுனைதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"ஜுனைதா, உன்ட மனசு எனக்கு விளங்குது. ஆனா சந்தூக்குப் பெட்டியத் தூக்க முந்தி நான் சனத்துக்கு முன்னால நிண்டு, என்ட தம்பியப் பொறுத்துக்கங்க எண்டு கேக்கோணும். அவன் எழுதின சினிமாப் படக் கதையெல்லாம் இன்டர்நெட்டுல உலகம் முழுக்கப் பரந்து கிடக்க, எந்த முகத்தோட கேக்கிற? மௌத்தானவன்ட நல்ல அமல் நிண்டிரும். விட்டுட்டுப் போன பாவம் நிக்காது. ஒருத்தன் அதப் படிச்சிட்டுப் படம் பாக்கப் போற நேரமெல்லாம் இவன்ட கணக்குல ஏறும்."

"அவர் பாக்கச் சொல்லி எழுதல்ல மச்சான். முக்காவாசிப் படத்தப் பாக்காதீங்க எண்டுதான் எழுதினார்."

சுல்பிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது.

மீராமுகைதீனின் முகமும் ஒரு கணம் இளகியது. "நானும் அவனும் ஒரே சைக்கிள்ல கல்முனைத் தியேட்டருக்குப் போன ஆக்கள்தான்கா. நானும் ரசிச்சவன்தான். கபுறுக்குள்ள அந்த ரசனை உதவாது. சுருக்கா அழிச்சிருங்க. கபன் துணி சுத்தப் போறாங்க."

அவர் போய்விட்டார்.

இணையத்தில் படங்களைப் பற்றி எழுதிவந்த பக்கத்துக்கு ஜவுபர் வைத்த பெயர் 'பின்வரிசை'. எழுதுகிறவர் பெயர் 'அஸ்மியா வாப்பா'. ஊரில் ஆண்களைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுனாமி அன்று கடல் அவர்களுடைய ஒரே மகள் அஸ்மியாவைக் கொண்டுபோனபோது அவளுக்கு நாலு வயது. ஆள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், பாடசாலை மண்டபம் என்று துணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் திரிந்தார்கள். பொத்துவில்வரை போய்ப் பார்த்தார்கள். அதன் பிறகு, கடலிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த இந்த வீட்டுக்கு வந்து, ஒருவரோடு ஒருவர் சோறு, தண்ணி, கரண்ட் பில் தவிர வேறெதுவும் கதைக்காமல் இருந்தார்கள்.

ஒருநாள் கடையிலிருந்த பழைய கணினியை ஜவுபர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். டிவிடியில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார். சனக்கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையைக் கடைசியில் தாய் கண்டுபிடிக்கிற படம். பாதியில் கையை எடுத்துவிட்டு, திரும்பாமலேயே கேட்டார்:

"அஸ்மியா இதப் பாத்திருந்தா என்ன கேட்டிருப்பா?"

அவளுடைய பெயரை அதுவரை அந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. ஜுனைதா குசினியிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னாள்:

"ஏன் இவ்வளவு நேரம் எடுத்தீங்க தேட எண்டு கேப்பா."

அவர் அதை அப்படியே எழுதினார். 'என்னோடு படம் பார்த்த என் மகள் கேட்டாள்' என்று. அடுத்த நாள் முன்பின் தெரியாத ஆட்கள் கீழே எழுதியிருந்தார்கள். மகள் கெட்டிக்காரி, அடுத்த படத்துக்கு அவ என்ன சொல்றா என்று பார்ப்போம் என்றார்கள். பிறகு அது நிற்கவில்லை. படத்தைப் பற்றி ஜவுபர் எழுதுவார், மகள் சொன்னதை ஜுனைதா சொல்லுவாள். சண்டைக் காட்சியில் அஸ்மியா கண்ணைப் பொத்தினாள். பாட்டு வந்தால் எழும்பித் தண்ணி குடிக்கப் போனாள். கதாநாயகனின் மீசை ஒட்டின மீசை என்று கண்டுபிடித்தாள். ஐந்து வயது, ஆறு வயது, ஏழு வயது. பள்ளிக்கூடம் போனாள், பல் விழுந்தது. இப்போது அவளுக்கு ஒன்பது.

சுல்பிகாவின் பக்கத்தில் போய் இருந்து, ஒற்றை விரலால் கடவுச்சொல்லை ஜுனைதா அடித்தாள். இணையம் இழுத்து இழுத்துப் பக்கத்தைக் கொண்டுவந்தது. போன மாதம் எழுதியதுதான் மேலே இருந்தது. நாட்டில் சண்டை முடிந்து, இரவிலும் ரோட்டால் போய்வரலாம் என்றான பிறகு இருவரும் பஸ் ஏறி மட்டக்களப்புத் தியேட்டருக்குப் போயிருந்தார்கள்.

"வாப்பாட்ட இதக் காட்டுவமா சாச்சி?" என்றாள் சுல்பிகா மெதுவாக. "அவருக்குப் பேரு மட்டும்தான் தெரியும். அஸ்மியா இதுக்குள்ள இரிக்கிறது தெரியாது. தெரிஞ்சா விட்டிருவார்."

ஜுனைதா வேண்டாம் என்று சொல்லவில்லை. சுல்பிகா போய்க் கூட்டிவந்தாள். மீராமுகைதீன் நின்றபடியே கேட்டார். சுல்பிகா வாசித்தாள்.

"'எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மகளின் இருக்கை. இடைவேளைக்குப் பிறகு கூட்டம் கூடி, ஒருவர் வந்து நடுவில் உட்கார இடம் கேட்டார். மகள் எழும்பி என் மடிக்கு வந்துவிட்டாள். ஒன்பது வயது. கனத்தாள். படம் முடியும்வரை கால் விறைத்துப்போய் இருந்தேன். ஆகையால் இரண்டாம் பாதி பற்றி என்னால் நியாயமாக எழுத ஏலாது.'"

மீராமுகைதீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஜுனைதா," என்றார். முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "சின்னப் புள்ளையாப் போனவ சுவனத்து வாசல்ல நிப்பா. வாப்பா உம்மா வந்தாத்தான் உள்ளுக்குப் போவன் எண்டு நிப்பா. நமக்குச் சொல்லித் தந்தது அதானே. அவன் இண்டைக்கு அங்கதான் போறான். அந்தப் புள்ளைக்கு முன்னால வெறுங்கையோட எண்டாலும் போகட்டும். சுமையோட போகவேணாம்."

ஜுனைதாவுக்கும் அது சொல்லித்தரப்பட்டதுதான். அவளும் நம்பினாள். கடலுக்குப் பிறகு அதை மட்டும்தான் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"அவ அங்க இரிக்கா," என்றார் அவர். "இஞ்ச இல்லகா."

அவர் போன பிறகு சுல்பிகா அவசரமாகச் சொன்னாள். "கொப்பி எடுத்து வைப்பம் சாச்சி. சீடில போட்டுத் தாறன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அவருக்குத் தெரியுமே."

"ஆருக்கு?"

ஜுனைதா முற்றத்துப் பக்கம் தலையை அசைத்தாள். "கபுறுக்குள்ள போறவர ஏமாத்தச் சொல்றியாகா?"

சுல்பிகா தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் கீழே, காலையில் வந்த ஒரு கருத்து கிடந்தது. டோஹாவிலிருந்து வழக்கமாக எழுதுகிறவர். புதுப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லி, 'மகள் பார்த்தாச்சா? என்ன சொல்றா?' என்று கேட்டிருந்தார்.

"இதுக்குப் பதில் போடுறதா சாச்சி? எப்பிடியும் எல்லாம் அழியப் போகுது. அதுக்குள்ள அவர் பாப்பாரோ தெரியாது."

"பாக்காட்டியும் பரவால்ல. போடு."

"என்னெண்டு?"

"படம் முடிய முந்தியே தூங்கிட்டா எண்டு போடு."

சுல்பிகா அதை அடித்தாள். பிறகு பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய், முழுப் பக்கத்தையும் அழிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தாள். உண்மையாகவே அழிக்க வேண்டுமா என்று கணினி கேட்டது. அவள் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜுனைதாதான் அழுத்தினாள்.

திரை வெள்ளையாக நின்றது. நேரமெடுத்து, அப்படியொரு பக்கம் இல்லை என்று வந்தது.

"முகம் பாக்க வரச் சொல்றாங்க," என்று ஒரு பெண் வாசலில் சொன்னாள்.

கூடத்தில் கபன் துணியை முகத்தில் மட்டும் விலக்கி வைத்திருந்தார்கள். மூக்கில் பஞ்சு. கற்பூர வாசனை. பாதிப் படத்தில் தூங்கிப்போய், எழுப்பினால் தூங்கவில்லை என்று சாதிக்கிற முகம். ஜுனைதா குனிந்து, அவருடைய காதுக்குக் கிட்டப் போனாள். ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தது. பிறகு நிமிர்ந்துகொண்டாள். துணியை மூடி முடிச்சிட்டார்கள்.

மீராமுகைதீன் அவளைப் பார்த்தார். அழித்தாயிற்று என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள். அவர் வெளியே போய்ச் சனத்துக்கு முன்னால் நின்றார்.

"என்ட தம்பி ஜவுபர், கையால, வாயால ஆருக்கும் ஏதும் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்தம், பொறுத்தம்," என்றது கூட்டம்.

சந்தூக்கு எழும்பியது. கலிமா சொல்லும் குரல்கள் ஒழுங்கையால் நகர்ந்து, பெரிய ரோட்டில் திரும்பி, தேய்ந்து போயின. வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஜுனைதாவை அறைக்குள் பாயில் இருத்தினார்கள். யாரோ பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

பஸ் பிந்தியதால் ஜனாஸாவைப் பார்க்கக் கிடைக்காமல் போன ஒருத்தி அப்போதுதான் உள்ளே வந்தாள். சபூறா. பொத்துவிலில் இருக்கும் தூரத்துச் சொந்தம். ஜுனைதாவின் கலியாண வீட்டில் அவளைக் கண்டதோடு சரி. வியர்த்து விறுவிறுக்க வந்தவள், ஜுனைதாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"புள்ளையள் எத்தினகா உனக்கு?"

சுல்பிகா எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

ஜுனைதா பாயில் சுவர்ப்பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"இஞ்சால இரிங்க ராத்தா," என்றாள். "வெயில்ல வந்திரிக்கீங்க."

சபூறா சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.