குளியலறையில் வளர்ந்த வெற்றிலை

எங்கள் இல்லம் திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் அமைந்துள்ளது. சாலை முனையில் குழாய்களும் குளியலறைப் பொருள்களும் விற்கும் கடை ஒன்றை நான் நடத்தி வருகிறேன். ஆசிரமப் பகுதியில் அறைகளை வாடகைக்கு விடுவோர் என் கடைக்கு வருங்கால், குளியலறையில் எந்தச் செடி வைக்கலாம் என்றும் கேட்கத் தொடங்கினர். பிறருக்குச் சொல்லுமுன் தானே செய்து பார்த்தல் முறையாகும். ஆதலின் எங்கள் வீட்டுக் குளியலறையிலேயே அம்முயற்சியைத் தொடங்கினேன்.

அவ்வறையின் சன்னல் வடக்கு நோக்கியது. வெயில் நேராக விழாது. எனினும் பகல் முழுவதும் வெளிச்சம் இருக்கும். கழிப்பிடமும் அதே அறையில் உள்ளது. வெந்நீரின் ஆவி காலையில் சுவரெங்கும் படிந்து, நண்பகலில்தான் உலரும். இத்தகைய இடத்தில் எல்லாச் செடியும் வாழா. முதலில் வைத்த சோற்றுக்கற்றாழை அடியிலிருந்து அழுகிப்போயிற்று. தன் உடலிலேயே நீரைச் சேமிக்கும் செடிக்கு ஓயாத ஈரம் ஆகாது. அடுத்து வைத்த குரோட்டன்ஸ், ஒளி போதாமையால் தன் நிறத்தை இழந்து வெறும் பச்சையாயிற்று. மணிபிளான்ட் தேறியது. பெரணி மிக நன்றாகத் தேறியது. மருள் என்னும் செடியோ, கதவுக்குப் பின்னால் இருண்ட மூலையிலும் யாதொரு குறையுமின்றி நின்றது.

பராமரிப்பில் நான் கண்டறிந்தவை சிலவே. மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விட வேண்டும். குளியலறைதானே என்று குளிக்கும்போதெல்லாம் ஒரு சொம்பு ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. அது தெறித்த இலைகளில் வெண்மையான படிவு தங்கும். அதனை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். சோப்பு நுரை தொட்டிக்குள் விழலாகாது. தொட்டியின் அடித்தட்டில் நீர் நின்றால் கொசு முட்டையிடும்.

வெற்றிலைக் கொடி எனக்கு நண்பர் வேணு தந்தது. தம் கிணற்றடியில் வளர்ந்த கொடியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். வாசலில் வைத்தேன், மாலை வெயிலில் வதங்கிற்று. நிழலும் ஈரக்காற்றும் விரும்பும் கொடிக்குக் குளியலறையே தக்க இடம் எனத் துணிந்து, சன்னலருகில் ஓர் ஆணியில் தொட்டியைத் தொங்கவிட்டேன். அது உள்ளங்கை அகல இலைகளுடன் சன்னல் கம்பியெங்கும் படர்ந்தது.

என் மனைவி வேதா அதனை ஏற்கவில்லை.

"மணிபிளான்ட் வெச்சீங்க, ஒண்ணும் சொல்லல. வெத்தல மகாலட்சுமிங்க. அதக் கொண்டாந்து கக்கூசுக்கு எதிர்ல தொங்க வுட்டிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

"செடிக்கு ஏது வேதா கக்கூசு, பூஜ ரூம்பு? நெழலும் ஈரமும் இருந்தா வளரும்."

"வளரட்டும். அதுல ஒரு எல கிள்ளி சாமிக்கு வெச்சீங்கன்னா அப்புறம் இருக்குது சேதி."

அக்கொடியிலிருந்து எவரும் இலை பறிப்பதில்லை என்பது அன்றே எங்கள் வீட்டில் வழக்கமாயிற்று. அழகுக்காக மட்டுமே அது வளர்ந்தது.

எங்கள் மகள் நந்தினிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் அமைந்தது. மணமகன் பெயர் கலையரசன். இராமகிருஷ்ணன், ஜோதியம்மாள் ஆகியோரின் மகன். நந்தினிக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. எனினும் எங்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. முன்பு நந்தினிக்குப் பேசிய வேறொரு சம்பந்தம், தட்டு மாற்றும் வேளையில் குத்துவிளக்கு அணைந்தது என்ற ஒரே காரணத்தால் முறிந்து போயிற்று. வந்தவர்கள் சாப்பிடாமலே எழுந்து சென்றனர். அதன்பின் நந்தினி பல மாதங்கள் எந்தத் திருமணத்திற்கும் செல்லவில்லை. இம்முறையும் அவ்வாறு நேர்ந்துவிடலாகாது என்பதே எங்கள் கவலை.

நிச்சயதார்த்தத்தன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் காலையிலேயே கடைத்தெருச் சாலைகளை மறித்துவிடுவர் என்பதால், வெற்றிலையை முதல் நாளே வாங்கி, வாழையிலையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். கெடாதிருக்கும் என்பது என் எண்ணம். தாம்பூலத் தட்டுகளை அடுக்கும் பொறுப்பை வேதாவின் தங்கை தனம் ஏற்றாள். அவள் சேத்துப்பட்டிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள்.

சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் அமர்ந்தனர். நான் முகம் கழுவக் குளியலறைக்குச் சென்றேன். சன்னலைக் கண்டு திகைத்து நின்றேன். கொடியில் இருந்த பெரிய இலைகள் ஒன்றுகூட இல்லை. வெறும் தண்டு மட்டும் கம்பியைச் சுற்றியிருந்தது.

நேரே சமையலறைக்கு வந்தேன். "கொடியில யாரு கை வெச்சது?"

"நாந்தான் மாமா," என்றாள் தனம், சிறிதும் தயங்காமல். "நீங்க ஃப்ரிட்ஜுல வெச்ச கட்டப் பிரிச்சேன், எல்லாம் கருகிக் கெடக்கு. கை கழுவலாம்னு போனா அங்க தளதளன்னு தொங்குது. நல்லா கழுவித்தான் தட்டுல வெச்சேன்."

வேதா அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள். "அடிப்பாவி! அது பாத்ரூம்பு கொடிடி!"

"பாத்ரூம்புலதாங்கா பறிச்சேன். இல்லன்னா சொன்னேன்?"

"சத்தம் போடாத." வேதா என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாயத் தொறக்காதீங்க. யாருக்குத் தெரியப் போவுது? தட்ட மாத்தட்டும்."

தட்டு மாற்றுதல் என்பது வாக்குக் கொடுத்தல். வெற்றிலையே அவ்வாக்கின் அடையாளம். அவர்கள் தூய்மையற்றது எனக் கருதும் ஒன்றை அறியாமல் கையில் வாங்குவர். அறிந்தே நான் கொடுப்பேன். சொல்லிவிட்டாலோ, முன்பு போல் எழுந்து போகவும் கூடும். எதைச் செய்வதென்று எனக்கு விளங்கவில்லை.

பூ வைத்து முடித்திருந்த நந்தினி, உள்ளறை வாயிலில் நின்று அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்கப்பா."

"மறுபடி நின்னு போச்சுன்னா?" என்றாள் வேதா.

"நின்னா இன்னிக்கே நிக்கட்டும்மா. சாப்டுட்டு அவங்க கை கழுவ எங்க போவாங்க? மொட்டையா நிக்கிற கொடியப் பாத்தா கேக்க மாட்டாங்களா? அப்ப என்ன சொல்லுவ?"

நான் கூடத்திற்குச் சென்றேன். ஜோதியம்மாளின் எதிரில் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கொடி இருந்த இடத்தையும், அதற்கெதிரே என்ன இருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

தனம் முன்பே கூடத்தில் வைத்திருந்த தட்டிலிருந்து இராமகிருஷ்ணன் ஏற்கெனவே ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் அடக்கியிருந்தார். அவருடைய தாடை அசைவதை நிறுத்தியது.

"துப்பிட்டு வாங்க," என்றார் ஜோதியம்மாள்.

"பாதி உள்ள போயிடுச்சே."

"மீதியத் துப்புங்க."

அவர் எழுந்தார். "காரம் நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். இளையவர்கள் சிலர் சிரித்தனர். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் தலையை அசைத்தார். "ஆரம்பமே சரியில்லயேம்மா. யோசிச்சுக்க."

ஜோதியம்மாள் என்னை நோக்கினார். "ஏங்க, வேற செடியே கெடைக்கலயா? வெத்தலயப் போயி யாராச்சும் கக்கூசுல வளப்பாங்களா?"

"அதுக்கு நெழலும் ஈரமும் வேணும்ங்க. அங்கதான்..."

"அதுக்கு எது வேணும்னு நான் கேக்கலீங்க. நமக்கு எது தகும்னு கேக்கறேன்."

செடிக்கு எது தகும் என்பதை மட்டுமே நான் பார்த்திருந்தேன்.

"கடையில வாங்கின கட்டு எங்க?" என்று கேட்டார் அவர்.

தனம் ஓடிச் சென்று கொண்டுவந்தாள். ஜோதியம்மாள் பட்டுச் சேலையுடன் தரையில் அமர்ந்து கட்டை முழுவதும் பிரித்தார். "ஃப்ரிட்ஜுல வெச்சா கருகாம என்ன பண்ணும்? குளிரு இதுக்கு ஆவாது." மேலடுக்கில் இருந்தவை கறுத்திருந்தன. அவற்றை ஒதுக்கியபின், நடுவில் இருந்தவை பசுமை சற்றுக் குறைந்தனவேனும் கெடாமல் இருந்தன. தாம்பூலத்திற்கு நுனி முறியாத இலையே ஆகும். அவர் ஒவ்வொன்றின் நுனியையும் காம்பையும் பார்த்துப் பொறுக்கினார். தனம் அவர் அருகில் அமர்ந்து துடைத்துக் கொடுத்தாள்.

"இம்மா நேரம் தனியா அடுக்கினியே, உள்ள பிரிச்சுப் பாக்கக் கூடாதா?"

"மேல பாத்ததுமே பயந்துட்டேங்க."

பெரியவர் மீண்டும் தொடங்கினார். "நல்ல நேரம் போவுதும்மா."

"இன்னும் இருக்குது மாமா. அந்த மனுஷன் வாயத் தொறந்து சொல்லலன்னா, நாம பாட்டுக்கு இத வாங்கிட்டுல்ல போயிருப்போம்? சொன்னவங்க வூட்டுல பொண்ணு எடுக்கலாம்."

தட்டிலிருந்த குளியலறை வெற்றிலையை அவரே எடுத்து அகற்றினார். பொறுக்கியவற்றை இரு தட்டுகளிலும் தம் கையாலேயே வைத்தார். நல்ல நேரம் முடியுமுன் தட்டுகள் கைமாறின. கலையரசன் பெருமூச்சு விட்டது எங்கள் அனைவருக்கும் கேட்டது. நந்தினி தலை நிமிரவில்லை. எனினும் அவள் சிரிப்பதை நான் கண்டேன்.

உணவுக்குப்பின் ஜோதியம்மாள் கை கழுவச் சென்றார். வேதா துண்டுடன் கதவருகே காத்து நின்றாள். அவர் வெளிவர வெகுநேரமாயிற்று.

"அந்தக் கொடிய மட்டும் இன்னிக்கே எடுத்துடுங்க," என்றார் துண்டை வாங்கியபடி. "மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

அன்று மாலையே அத்தொட்டியை இறக்கினேன். நிழலில் வளர்ந்த கொடியை உடனே வெயிலில் வைத்தால் பட்டுவிடும். ஆதலின் வீட்டின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தில், அடியில் ஈரச்சாக்கு விரித்து வைத்தேன். இலைகள் போயினும் கணுக்கள் பச்சையாகவே இருந்தன. அது பிழைக்கலாம், பிழையாமலும் போகலாம்.

ஒழிந்த ஆணியில் பெரணியை மாட்டலாமென்று எடுத்துச் சென்றேன். வேதா வழிமறித்தாள்.

"இருங்க. இத எந்தச் சடங்குலயாச்சும் வைப்பாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"தெரிஞ்சவங்களக் கேட்டுட்டு மாட்டுங்க," என்றாள் அவள்.