ஒன்பது காலிப் படுக்கைகள்

என் முதுகுக்குப் பின்னால் என்னைத் தேள் என்று கூப்பிடுகிறார்கள். தெரியும். சமூக நலத்துறையில் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லங்களைச் சோதனை போடுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? அதில் எனக்கு வருத்தமில்லை. என் கணக்கு தப்பும்போதுதான் வருத்தம்.

அந்தப் புதன்கிழமை காலை தப்பியது. ஓர் இல்லத்தில் நாற்பது படுக்கை, முப்பத்தொரு பேர், ஒன்பது காலி என்று திங்கட்கிழமை நானே போனில் கேட்டு எழுதியிருந்தேன். புதனன்று கேட்டால் அந்த இல்லத்து வார்டன் கொஞ்சமும் கூசாமல், "காலி இல்ல மேடம், எல்லாம் நிரம்பிடுச்சு" என்கிறாள். தொற்றுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. இரண்டே நாளில் ஒன்பது கிழவர்கள் வானத்திலிருந்தா குதித்தார்கள்?

விஷயம் சின்னதில்லை. மூச்சுத்திணறலோடு வருகிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லை. அதனால் ஓரளவு தேறிய முதியவர்களை எங்கள் இல்லங்களின் காலிப் படுக்கைகளுக்கு மாற்றுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. பரிசோதனை முடிவு வர ஐந்து நாள் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. சுற்றறிக்கையை எழுதியவள் நான். நான் கொடுத்த எண்ணை நம்பி, அன்று மாலை நாலு மணிக்கு ஒன்பது பேர் வண்டி ஏறத் தயாராக இருந்தார்கள்.

மதியமே போய் இறங்கிவிட்டேன். பாதுகாப்பு உடையை மாட்டிய ஐந்தாவது நிமிடம் தொப்பலாக நனைந்தேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. வார்டன் பதிவேட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். புதிதாக ஒன்பது பெயர்கள். வயதைப் பார்த்தேன். இருபத்தாறு. முப்பத்து நாலு. நாற்பத்தொன்று.

"இது முதியோர் இல்லமா, கல்லூரி விடுதியா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"உள்ள வந்து பாருங்க மேடம். பொய்யா ஒரு பேருகூட இல்ல."

போனேன். ஆண்கள் கூடத்தில் முதல் காலிப் படுக்கையில் ஒருவன் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். துணி வெளுக்கிறவன். பக்கத்துப் படுக்கையில் சமையல்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தார். அடுத்ததில் அவருடைய உதவியாள். பெண்கள் கூடத்தில் இரண்டு நர்ஸும் நாலு ஆயாவும். ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் ஒரே ஒரு பை. எல்லாருமே அந்த இல்லத்தில் வேலை பார்க்கிறவர்கள்.

"ஷிப்ட் முடிஞ்சா எங்கள்ல பாதிப் பேர் தினமும் ஊழியர் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போய் வந்துட்டிருந்தோம்" என்றார் சமையல்காரர். "வியாதிய நாங்களே கையோட கூட்டிட்டு வந்துருவோம்ல. அதான் இனிமே போறதில்லன்னு படுக்கையப் போட்டுட்டோம்."

"நீங்க எப்படி இல்லவாசி ஆக முடியும்?"

"உங்க விதியில வயசு போடலையே மேடம்" என்றாள் வார்டன், மிகப் பணிவாக. "இங்கயே தங்கணும், வெளிய போகக் கூடாது. அவ்வளவுதான் இருக்கு."

அந்த விதியையும் எழுதியவள் நான்தான்.

"எத்தன நாளைக்கு?"

"வியாதி போற வரைக்கும்" என்றாள் ஓர் ஆயா. அவளுக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை. அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "தினமும் பத்து நிமிஷம் போன்ல பாக்கலாம். பெரியவங்க எல்லாரும் பேசி முடிச்சப்புறம் எங்க முறை."

பத்து நிமிடம் என்று வரையறுத்ததும் என் சுற்றறிக்கைதான். அதை எழுதியபோது எனக்கு ஒரு நொடிகூடக் கை நின்றதில்லை.

"இவங்கள வெளிய அனுப்பும்மா" என்று ஒரு பாட்டி கட்டிலில் இருந்தபடியே முறையிட்டாள். "எங்களவிட ஜாஸ்தி குறட்டை விடுறாங்க." சொல்லிவிட்டு அந்த ஆயாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் வேறோர் இல்லத்தில் ஆறு காலிப் படுக்கையை என் கையெழுத்தில் நிரப்பினேன். இந்த வாரம் அங்கே பதினான்கு படுக்கை காலி. அதையும் காலி என்றே எழுதி மேலே அனுப்பினேன். இவர்கள் அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டு, கூட்டம் போட்டுப் பேசி, தங்கள் உடம்பையே கொண்டுவந்து குறுக்கே போட்டிருக்கிறார்கள். மனிதர்கள் இப்படியும் செய்வார்களா என்று எனக்குத் தலை சுற்றியது. கும்பிட வேண்டும் போலிருந்தது. தேளுக்குக் கும்பிட்டுப் பழக்கமில்லை. அதனால் கத்தினேன்.

"சரி, அந்த ஒன்பது பேர நடுத்தெருவுல இறக்கச் சொல்றீங்களா? அவங்களும் யாரையோ பெத்தவங்கதானே?"

"அவங்க வர வேண்டாம்னு நாங்க சொல்லலையே" என்றாள் வார்டன்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஊழியர் குடியிருப்பு. ஐந்து அறை, தனி வாசல், தனிக் குழாய். அங்கே தங்கியிருந்த சிலரும் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அது காலி. கழுவித் துடைத்து, கட்டில் போட்டு, தலையணை உறைகூட மாட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்துக்கறது யாரு?"

பதிவேட்டை மறுபடி பார்த்தேன். ஒன்பது பெயரில் வார்டன் பெயர் இல்லை.

"நானும் எங்க இல்லத்து டிரைவரும்" என்றாள். "நானும் நர்ஸ் படிச்சவதான் மேடம். அங்க போனா இங்க திரும்ப முடியாதுன்னு தெரியும்."

"எனக்கு வண்டிய ஓட்டுறதைவிடத் தாத்தாக்களக் குளிப்பாட்டுறதுதான் நல்லா வரும்" என்றார் வாசலில் நின்ற டிரைவர். "வண்டியில ஏறினவங்களக் கேட்டுப் பாருங்க."

அந்தக் குடியிருப்பு அங்கீகாரம் பெற்ற இடம் இல்லை. அங்கீகாரத்துக்குக் கோப்பு போட்டால் மூன்று மாதம் ஆகும். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். வெள்ளைத் தாளில், என் பொறுப்பில் அனுமதிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தது அதுதான் முதல் தடவை.

வண்டி வந்தது. பின்வாசலில் ஒவ்வொருவராக இறக்கினார்கள். வார்டன் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "வாங்கப்பா", "வாங்கம்மா" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ஒன்பது பேரில் நாலு பேருக்குத் தொற்று. இரண்டு பேர் பிழைக்கவில்லை. இரண்டு பேரின் கையையும் கடைசிவரை வார்டன் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று டிரைவர் சொன்னார். அவளும் படுத்தாள்; பதினாறு நாள் கழித்து எழுந்தாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் இல்லத்துக்குப் போய், கட்டில் கட்டிலாக நின்று எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தொன்று. யாரும் குறையவில்லை. நட்டநடுக் கூடத்தில் நின்று, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன்.

அன்று மாலையே எங்கள் துறை இயக்குநர் கூப்பிட்டார். என் கையெழுத்துக்காக மெமோ கொடுப்பார் என்று போனேன். அவரோ வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"பிரமாதம்மா! எல்லா இல்லத்துலயும் ஊழியர்கள் இதே மாதிரி உள்ளயே தங்கணும்னு ஒரு உத்தரவு தயார் பண்ணுங்க. நாளைக்கே அனுப்பிடலாம்."

"அதை உத்தரவாப் போட முடியாது சார். அவங்க தானா வந்து படுத்தாங்க."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப நாம எதத்தான் போடுறது?"

"ஒண்ணும் போட வேண்டாம் சார்" என்றேன். "முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்னு போட்டோமே, அத எடுத்துடலாம்."