இரண்டு தட்டு

“கியர் ரெண்டாவதுல மாட்டிக்கிட்டு நிக்குது. கிளச்சும் எனக்குப் பிடி கொடுக்க மாட்டேங்குது” என்று கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான் முகைதீன். பக்கத்துத் தெருக்காரன், பதினைந்து வருடமாக டெம்போ ஓட்டுகிறவன். அவனுக்கே மசியவில்லை என்றதும் வெளியே நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே சுடலைக்கண்ணன் நெற்றியில் ஒட்டிய ஒற்றை நாணயத்தோடு படுத்திருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அறை. அவரைக் கிடத்தியபின் நான்கு பெண்கள் உட்காரத்தான் இடமிருந்தது. மற்றவர்கள் தெருவில் நின்றே அழுதார்கள். தலைமாட்டில் மனைவி பூமாரி இருந்தாள். நேற்று மாலைக்குப் பிறகு அவள் அழவில்லை. அதையும் இரண்டு பேர் கவனித்து வைத்திருந்தார்கள்.

அவருடைய டெம்போ நேற்றுக் காலையிலிருந்து தெருமுனையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்தபோது ஸ்ட்ரெச்சரை ஒருக்களித்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நுழைத்துவிட்டார்கள். பாடையை அப்படிச் சாய்க்க முடியுமா? சவ வண்டியோ மெயின் ரோட்டில் காத்து நின்றது. புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு தெருவைவிட அரையடி உயரம். வெறும் வண்டியாகத் தள்ளினால் அந்த மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டார்ட் செய்துதான் ஏற்ற வேண்டும்.

மகன் சுயம்பு ஈர வேட்டியோடு வந்தான். மூலைக் குழாயில் தண்ணீர் ஏழரைக்கு நின்றுவிடும் என்பதால், உடலைக் குளிப்பாட்டுவதற்கான நீர்மாலையை அவசர அவசரமாக எடுத்து முடித்திருந்தார்கள்.

“இந்த டப்பாவ அன்னைக்கே தள்ளி விட்டுருந்தா...” என்று ஆரம்பித்தவன், அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவன் முழுக்கச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மூன்று மாதத்துக்கு முந்தைய பேச்சு அது. உல்லாஸ்நகருக்கு பிளாஸ்டிக் மூட்டை இறக்கப் போன இடத்தில், ஒரு சேட்டிடம் ஐந்து வருடமே ஓடிய வண்டி விலைக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, சுடலைக்கண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துக் கேட்டார்.

“அந்தச் சங்கிலிய மட்டும் குடுட்டி. அடுத்த வருசம் ஆர்.டி.ஓ. பாசிங்குக்கு முன்னால மீட்டுத் தந்துருவேன்.”

“எல்லாத்தையும் வாங்கி அடகு வச்சாச்சுல்லா? தாலி கிடக்க சங்கிலி இது ஒண்ணுதான். நீங்க கல்லு மாதிரி இருக்கையில நான் எதுக்கு இதக் கழத்தணும்? இந்த வண்டிக்கு இப்ப என்ன கொள்ள?”

அவர் சிரித்தார். “சரிட்டி. ஆன படுத்தாலும் குதிர மட்டம்பாங்க. நம்ம ஆன ஓடுத வரைக்கும் ஓடட்டும்.”

ஆனை அடுத்த மாதமே படுத்தது. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போயிற்று. மாற்றலாம், மாற்றலாம் என்று அவர் தள்ளிப்போட்டார், வண்டியையும் தள்ளினார். விற்கப்போகிற வண்டிக்கு எதற்குச் செலவு என்று அவர் மனதில் இருந்திருக்கும். அந்த ஐந்து வருட வண்டியின் நினைப்பை அவர் விடவே இல்லை என்பது பூமாரிக்கும் தெரியும்.

தினமும் காலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவள் டிரைவர் சீட்டில் ஏறுவாள். கிளச்சை மூன்று தடவை விட்டுவிட்டு மிதித்தால்தான் நான்காவதில் பிடிக்கும். இரண்டாவது கியர். தெரு லேசான சரிவு என்பதால் ஒற்றை ஆள் தோள் கொடுத்தாலே வண்டி உருளும். வேகம் கூடியதும் அவர் பின்பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். அவள் கிளச்சை விட வேண்டும், இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ஒருநாள் யாரோ தூக்கிப்போன தண்ணீர் கேன் இடித்ததற்கே விட்டுவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. மூச்சு வாங்க முன்னால் வந்து சொன்னார்: “ஒரு தட்டுன்னா ஊரான் தட்டு. ரெண்டு தட்டு விழுந்தாத்தான் நானு. மனசுல வச்சுக்கோ.”

நேற்றும் வண்டி உருண்டது. தோல் பட்டறையைத் தாண்டியது. தையல் கடையைத் தாண்டியது. தட்டு விழவில்லை.

“தள்ளுதீங்களா, தூங்குதீங்களா?” என்று கத்தினாள். வழக்கமாக வருகிற பதில் வசவு வரவில்லை. பிரேக்கை மிதித்து இறங்கிப் பின்னால் போனாள். அவர் இருபதடி தள்ளித் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வண்டியிலிருந்து ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று தரையோடு படுத்துப் பார்க்கிறாராக்கும் என்று நினைத்துவிட்டாள். “ஆயிலா ஒழுகுது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சிறிது நேரம் நிற்கவும் செய்தாள்.

அந்தச் சிறிது நேரத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர், நெஞ்சில் அடைப்பு, நேரத்தைத் தவறவிட்டீர்கள் என்று சுயம்புவிடம் இந்தியில் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றாள்.

இப்போது மாடத்தில் இருந்த அவருடைய போன் அடித்தது. சுயம்பு எடுத்து, “பாப்பா நஹி ரஹே”, அப்பா போய்விட்டார் என்று இந்தியில் இரண்டு தடவை சொன்னான். பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தான்.

“யாருப்பா?” என்றாள் பூமாரி.

“உல்லாஸ்நகர் சேட்டு. முந்தாநாள் அப்பா பேசியிருக்காரு போல. வண்டி இன்னும் நிக்குது, எடுத்துக்கிடுதீங்களான்னு கேட்டான்.”

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. இந்தச் சங்கிலியா பெரிது என்று தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அன்று அவருக்காகக் கழற்ற மாட்டேன் என்றாள். இன்று, அவர் இந்த வாசலைத் தாண்டியதும் கழற்றப் போகிறார்கள். அதற்கென்றே அவருடைய அக்கா பேராச்சி மஞ்சள் கரைத்த சொம்பை மூலையில் எடுத்து வைத்திருந்தாள்.

பூமாரி எழுந்தாள்.

“ஏட்டி, எங்க போற?” என்று பேராச்சி கையைப் பிடித்தாள்.

“வண்டிய எடுக்க, மயினி. அதோட சூட்சுமம் வேற யாருக்கும் தெரியாது.”

“தாலியறுக்கப் போறவ வண்டியில ஏறி உக்காருவாளா? ஊரு சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். அவரு போறதுக்கு வழி விடணும்லா?”

கூட்டம் ஒதுங்கிக்கொண்டது. சீட்டில் அவருடைய துண்டு கிடந்தது. அவள் முதுகுக்கு அண்டை கொடுக்க அவர் மடித்து வைத்த சாக்கும் அப்படியே இருந்தது. மூன்று தடவை மிதித்து விட்டாள். நான்காவதில் கிளச் பிடித்தது. ஏழெட்டுப் பேர் வண்டியைப் பின்னோக்கி மேலே இழுத்து வந்தார்கள். பிறகு எல்லோரும் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள்.

“அக்கா, சொன்னதும் விடுங்க” என்றான் முகைதீன்.

வண்டி உருண்டது. பக்கவாட்டுக் கண்ணாடியில் வீட்டு வாசலும், ஓலை விரித்து வைத்த பாடையும், சொம்போடு வெளியே வந்து நின்ற பேராச்சியும் சிறிதாகித் தெரிந்தன. முன்னால் மெயின் ரோட்டில் சவ வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. தோல் பட்டறை போயிற்று. தையல் கடை போயிற்று. இத்தனை தோளுக்கு வண்டி பறந்தது. அவருக்கு ஒருநாளும் இப்படி ஓடியதில்லை.

பின்பலகையில் தட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

“விடுங்கக்கா!”

மேடு நெருங்கிக்கொண்டிருந்தது. “விடும்மா!” என்று சுயம்பும் கத்தினான். பூமாரி கிளச்சை அழுத்தி மிதித்தபடியே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு தட்டுக்காகக் காத்திருந்தாள்.